சிவப்பு, மஞ்சள், நீலம்: அடையாறு தொட்டு தில்லி வரை

புது தில்லி: வெள்ளைப் பரப்பில் சில கறுப்புக் கோடுகள். மேலே பெரியதாக ஒரு சிவப்புச் சதுரம். கீழே இடது மூலையில் நீலம், வலது மூலையில் ஒரு மஞ்சள் கீற்று. படம் அவ்வளவுதான். 1930-ல் வரையப்பட்ட இந்த ஓவியம் 2022 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5.1 கோடி டாலருக்குப் போனது. அதே ஓவியர் 1922-ல் வரைந்த இன்னொரு படம், 2025 மே மாதம் அதே நகரில் 4.76 கோடி டாலருக்கு விலைபோனது. அளவுகோலும் மூன்று டப்பா வண்ணமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாமே, இதற்கா இவ்வளவு பணம் என்ற கேள்வி எழுவது இயற்கை. அதற்குப் பிறகு வருவோம். தமிழ்நாட்டு வாசகர்கள் முதலில் அறிய வேண்டியது வேறொன்று. இந்தக் கோடுகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பாரீஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களோடு சென்னை அடையாறிலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஓவியரின் பெயர் பீட் மோந்திரியான். ஹாலந்தில் 1872-ல் பிறந்தவர். தொடக்கத்தில் எல்லோரையும் போல காற்றாலை, ஆற்றங்கரை, மரம் என்றுதான் வரைந்துகொண்டிருந்தார். 1909 மே மாதம் அவர் பிரம்மஞான சபையின் ஹாலந்து கிளையில் உறுப்பினராகச் சேர்ந்தார். அந்தச் சபையின் சர்வதேசத் தலைமையகம் 1882 முதல் அடையாறில் இருக்கிறது. அவர் சேர்ந்தபோது சபையின் தலைவர், 1907-ல் அந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்னி பெசன்ட்.

அன்னி பெசன்ட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஹோம் ரூல் இயக்கமும், "நியூ இந்தியா" பத்திரிகையும், அவரை எதிர்த்து டாக்டர் டி.எம். நாயர் போன்றவர்கள் நடத்திய கடும் வாதங்களும்தான். ஐரோப்பிய ஓவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் லெட்பீட்டரும் சேர்ந்து மனித எண்ணங்களுக்கு வடிவமும் வண்ணமும் உண்டு என்று வாதிடும் நூலொன்றை வெளியிட்டனர். பக்தி நீலம், அறிவு மஞ்சள், கோபம் சிவப்பு என்று அதில் பட்டியலே உண்டு. கூடவே வண்ணப் படங்கள். அந்தப் படங்களில் மனிதரோ மரமோ கிடையாது. வெறும் வடிவங்கள், வெறும் நிறங்கள். எண்ணத்துக்கு நிறம் உண்டு என்பதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் எதையும் பார்த்து வரையாமலேயே ஓவியம் பொருள் தர முடியும் என்ற துணிச்சலை அந்த நூல் ஐரோப்பிய ஓவியர்கள் சிலருக்குக் கொடுத்தது. அருவ ஓவியத்தின் இன்னொரு முன்னோடியான ரஷியர் காண்டின்ஸ்கியிடம் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருந்தது.

1911 வாக்கில் மோந்திரியான் வரைந்த மூன்று பலகை ஓவியம் ஒன்று ஹேக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்று பெண்ணுருவங்கள்; அவர்களில் ஒருத்தியின் தோள்களின் இருபுறமும் அறுகோண நட்சத்திரங்கள். பிரம்மஞான சபையின் முத்திரையிலும் அதே அறுகோண நட்சத்திரம் இருப்பதைக் காணலாம். ஓவியம் என்ற அளவில் அது அவ்வளவு சிறப்பானதல்ல. கொள்கை விளக்கப் பதாகை போலத்தான் இருக்கிறது. மோந்திரியானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த வழியில் அவர் திரும்பப் போகவில்லை.

1917-ல் நடந்தவை: தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது. 1917 ஜூன் மாதம் சென்னை மாகாண அரசு அன்னி பெசன்டை, அருண்டேல், பி.பி. வாடியா ஆகியோருடன் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் செப்டம்பரில் விடுதலை. அடுத்த மாதம், அக்டோபரில், ஹாலந்தின் லைடன் நகரிலிருந்து தியோ ஃபான் டூஸ்பர்க் என்பவரை ஆசிரியராகக் கொண்டு "டெ ஸ்டெய்ல்" என்ற கலை இதழ் வெளிவரத் தொடங்கியது. நேர்கோடு, செங்கோணம், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றோடு வெள்ளையும் கறுப்பும் சாம்பலும் மட்டும் போதும் என்ற கொள்கைக்கு மோந்திரியான் அதன் முதல் இதழிலிருந்தே தொடர் கட்டுரையாக விளக்கம் எழுதினார். டிசம்பரில் கொல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு அன்னி பெசன்ட் தலைமை ஏற்றார். ஒரே நம்பிக்கையில் பழகியவர்களில் ஒருவர் சுயாட்சி கேட்டுச் சிறைப்பட்டார். இன்னொருவர் மரத்தையும் மனிதரையும் ஓவியத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து, மோந்திரியானின் ஓவியம் அடையாறில் பிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாரீஸில் பிக்காஸோ, பிராக் ஆகியோரின் க்யூபிஸம் இல்லாமல் அவருடைய மரம் கோடாக உருமாறியிருக்காது. மூன்று அடிப்படை வண்ணங்கள் பற்றிய தத்துவத்தில் ஸ்கோன்மேக்கர்ஸ் என்ற ஹாலந்து சிந்தனையாளருக்கும் பங்கு உண்டு. செங்குத்துக் கோடு ஆண்மை, கிடைக்கோடு பெண்மை என்றெல்லாம் மோந்திரியான் எழுதியிருப்பதைப் படித்தவுடன், "இது நம்முடைய சிவ-சக்தி தத்துவம்தானே" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அவசரம் தேவையில்லை. பிரம்மஞான சபையே கீழை நாட்டுத் தத்துவங்களையும் மேலை நாட்டு மறைஞானத்தையும் கலந்து வடித்த ஒன்று. அதில் எது யாருடையது என்று பிரிப்பது பாலில் கலந்த நீரைப் பிரிக்கிற வேலை.

சபையும் அவரைக் கொண்டாடிவிடவில்லை. 1921-ல் தம் கொள்கையை விளக்கி ருடால்ஃப் ஸ்டைனருக்கு, அதாவது சபையிலிருந்து பிரிந்து தனி இயக்கம் கண்டவருக்கு, மோந்திரியான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அதே ஹாலந்தில், ஓமன் என்ற ஊரில்தான் 1929 ஆகஸ்டில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தம்மை உலக குருவாக்க அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அடையாறிலோ, 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா பரதநாட்டியத்துக்குக் கறாரான நேர்கோட்டு அங்க அமைப்பைக் கொடுத்தது.

அளவுகோல் மட்டும் போதுமா?: இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மோந்திரியான் படங்களை அச்சில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. அச்சில் தட்டையாகத் தெரியும் வெள்ளை, நேரில் ஒரே வெள்ளையாக இராது. ஒரு கட்டத்தில் தூரிகை கிடையாகப் போயிருக்கும், அடுத்த கட்டத்தில் செங்குத்தாக. சில கோடுகள் படத்தின் விளிம்பைத் தொடுவதற்கு ஒரு விரல்கடைக்கு முன்பாகவே நின்றுவிடும். கோடுகளின் பருமனும் ஒன்றுபோல் இராது. இரு பக்கமும் ஒரே மாதிரி அமைத்து அழகு காட்டும் வழக்கத்தை அவர் ஒதுக்கினார். ஒரு பக்கம் பெரிய சிவப்பு என்றால், எதிர்மூலையில் சிறிய நீலம் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தராசில் ஒரு தட்டில் பஞ்சு மூட்டை, மறு தட்டில் படிக்கல் என்பது போன்ற கணக்கு அது. எங்கே கோடு நிற்க வேண்டும் என்பதற்காக வாரக்கணக்கில் அழித்து அழித்துப் போடுவார். கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் வண்ண ஒட்டுநாடாக்களை கேன்வாஸில் ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார்.

அந்த ஒட்டுநாடாப் படங்களில் ஒன்று ஜெர்மனியின் டூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1945-ல் நியூயார்க்கில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்தப் படம் 75 ஆண்டுகளுக்கு மேலாகத் தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது போலும் என்று 2022 அக்டோபரில் அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரே அறிவித்தார். திருப்பி மாட்டலாமென்றால் ஒட்டுநாடா பிய்ந்து விழும் என்ற அச்சம். எனவே அப்படியே விட்டுவிட்டார்கள். "பார்த்தீர்களா, தலைகீழாக மாட்டினாலும் தெரியாத ஓவியம்" என்று சிரித்தவர்கள் உண்டு. எந்தப் பக்கம் மேலே என்ற சந்தேகம் ஒருவருக்கு அடர்த்தியான கோடுகளைப் பார்த்து எழுந்தது என்பதே, அதற்குள் ஒரு மேலும் கீழும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

சாய்கோட்டை அனுமதிக்கலாமா என்ற சண்டையில் 1920-களின் நடுவில் மோந்திரியான் "டெ ஸ்டெய்ல்" இதழை விட்டே விலகினார். ஒரு சாய்கோட்டுக்காக நண்பர்கள் பிரிவார்களா என்று கேட்கத் தோன்றும். கொள்கைப் பிளவுகளைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இது அவ்வளவு புதிதல்ல. கோடு எங்கே விழுகிறது என்பதன் விளைவும் நமக்குப் புதிதல்ல. கௌதள்ளி கிராமத்தை உள்ளடக்கிய அன்றைய கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் முடியும்வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மறுசீரமைப்பில் நவம்பர் 1-ஆம் தேதி மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று இருக்கிறது. ஊர் அசையவில்லை, கோடு அசைந்தது.

1937-ல் மியூனிக் நகரில் நாஜிகள் நடத்திய "சீரழிந்த கலை" கண்காட்சியில் மோந்திரியானின் படங்களும் ஏளனத்துக்காக மாட்டப்பட்டன. கட்சிச் சின்னமோ கோஷமோ இல்லாத நாலைந்து கோடுகள் ஹிட்லரை ஏன் உறுத்தின? தேசம், இனம், மண் ஆகியவற்றைப் போற்றும் உருவங்களை வரையச் சொன்ன ஆட்சிக்கு, எந்த மண்ணையும் சேராத ஓவியம் கட்டுப்பட மறுத்தது. 1938-ல் அவர் லண்டனுக்குப் போனார். அங்கே குண்டு விழத் தொடங்கியதும் 1940-ல் நியூயார்க். 1944 பிப்ரவரி 1-ஆம் தேதி நிமோனியாவால் இறந்தார்.

கழகக் கொடியும் பிந்துவும்: அருவ ஓவியம் அந்நியச் சரக்கு, பாமரருக்குப் புரியாது என்ற வாதம் தமிழ்நாட்டில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இதை எழுப்புகிறவர்கள் தங்கள் தெருமுனைக் கொடிக்கம்பத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கலாம். திராவிடர் கழகக் கொடி கறுப்புச் செவ்வகத்தின் நடுவே ஒரு சிவப்பு வட்டம். திமுக கொடி, மேலே கறுப்பும் கீழே சிவப்புமாக இரண்டு செவ்வகங்கள். உருவம் எதுவும் கிடையாது. சமுதாயத்தின் இழிநிலை கறுப்பு, அதை மாற்ற எழும் வேகம் சிவப்பு என்ற பொருளை எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லுவார். 1972-ல் அதிமுக அதே இரு வண்ணங்களின் நடுவே அண்ணாவின் உருவத்தைச் சேர்த்தது. அருவ ஓவியத்துக்கும் உருவ ஓவியத்துக்கும் இடையே உலகமெங்கும் நடந்த விவாதத்தைத் தமிழ்நாடு கொடித்துணியிலேயே நடத்தி முடித்துவிட்டது.

பெரியாரின் கொடியிலுள்ள வட்டத்தைப் பார்த்தவர்கள் எஸ்.எச். ரஸாவின் "பிந்து" ஓவியங்களைப் பார்க்கும்போது ஒரு கணம் திகைக்கத்தான் வேண்டும். அங்கும் ஒரு வட்டம், பெரும்பாலும் கறுப்பு. சுற்றிலும் சதுரங்கள், முக்கோணங்கள், பட்டைகள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என்ற ஐந்து நிறங்களும் ஐம்பூதங்கள் என்பது ரஸாவின் விளக்கம். ஒன்று நாத்திக இயக்கத்தின் கொடி, மற்றது படைப்பின் மூலப்புள்ளி. வடிவம் ஏறக்குறைய ஒன்றே.

மத்தியப் பிரதேசத்தில் 1922-ல் பிறந்த ரஸா, 1947-ல் மும்பையில் சூஸா, ஹுசைன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தவர். பிரிவினையின்போது உடன்பிறந்தார் பாகிஸ்தான் சென்றும் தாம் இந்தியக் குடிமகனாகவே இருந்தார். 1950-ல் பாரீஸ் சென்று பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். முதுமையில் தில்லி திரும்பினார். 2016 ஜூலையில் தில்லியில் காலமான அவரது உடல், அவர் விருப்பப்படி மாண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. 2013-ல் பத்ம விபூஷண் பெற்ற அவருக்குத் தில்லியில் எதிர்ப்பு என்று எதுவும் எழுந்ததில்லை.

அவருடைய நண்பர் ஹுசைனின் கதை அப்படியல்ல. வழக்குகளாலும் மிரட்டல்களாலும் 2006-ல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008-ல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்குகளை ரத்து செய்தும் திரும்ப முடியவில்லை. 2010-ல் கத்தார் குடியுரிமை ஏற்று, 2011-ல் லண்டனில் இறந்தார். 2025 ஜனவரியில்கூட அவரது இரண்டு ஓவியங்களைப் பறிமுதல் செய்யுமாறு தில்லி நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. உருவம் வரைந்தவர் நாடு கடந்தார். வட்டம் வரைந்தவர் கௌரவிக்கப்பட்டார். ரஸாவின் கலையை இதனால் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் விமான நிலையங்களும் கோட்டோவியங்களை விரும்பி மாட்டுவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. யார் மனமும் புண்பட்டதாகப் புகார் வராது என்பதும் காரணம். ஹிட்லரின் ஜெர்மனியில் ஆபத்தாக இருந்த வடிவம் இங்கே பாதுகாப்பான வடிவமாகிவிட்டது.

நிறங்களையும் துறந்த ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். 1937-ல் கராச்சியில் பிறந்த நஸ்ரீன் முகமதி, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். பென்சில், மை, பொறியாளர்கள் பயன்படுத்தும் வரைகருவிகள் ஆகியவைதான் அவர் ஆயுதங்கள். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. உடலசைவைக் கட்டுப்படுத்த முடியாத நரம்பு நோய் முற்றிய நிலையிலும் மயிரிழை பிசகாத கோடுகளை இழுத்தார். 1990-ல் 53-ஆவது வயதில் மறைந்தார். வாழ்நாளில் பெரிய புகழ் கிடையாது. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் புதிய கிளையைத் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக இவருடைய கோடுகளை வைத்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே தில்லியில் அவருக்கு விரிவான கண்காட்சி நடத்தியது ஒரு தனியார் அருங்காட்சியகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சண்டீகர் வராந்தா: நேர்கோட்டுக் கலையின் மிகப் பெரிய இந்திய உதாரணம் கேன்வாஸில் இல்லை, கான்கிரீட்டில் இருக்கிறது. சண்டீகர் உயர் நீதிமன்ற முகப்பில் நிற்கும் மூன்று மாபெரும் தூண்களுக்கு லெ கொர்பூசியே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் கொடுத்தார். பக்கத்துச் சட்டப்பேரவையின் பிரம்மாண்டமான எனாமல் கதவில் அவரே ஓவியம் தீட்டினார். இந்தத் தொகுதி 2016-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாயிற்று. தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறைக்கு வெளியே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு வராந்தா கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட, சண்டீகர் நிர்வாகம் பாரம்பரியத்துக்குக் கேடு என்று உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவு உறுதி செய்யப்பட்டது. ஒரு வராந்தாவுக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் நேரம் செலவிட்டதில் வியப்பில்லை. இருந்த வரிசையில் புதிதாக ஒரு கோடு சேர்ந்தால் மொத்தமும் மாறும் என்பது மோந்திரியானின் வாதமும்கூட. அதே சமயம், வழக்காடிகள் மழையில் நனைய வேண்டும் என்று எந்த ஓவியரும் சொல்லவில்லை.

யார் பணம், யார் சொத்து: 1998-ல் மோந்திரியானின் முற்றுப்பெறாத கடைசி ஓவியத்தை 8 கோடி கில்டருக்கு வாங்கி ஹாலந்து நாட்டுக்குச் சொந்தமாக்கினார்கள். பணம் கொடுத்தது அந்நாட்டு மத்திய வங்கி. நாடாளுமன்றத்தைக் கேளாமல் பொதுப்பணம் இப்படிப் போகலாமா என்று அங்கே பெரும் அமளி. எதிர்த்தவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் படம் இன்று ஹேக் நகரில், டிக்கெட் வாங்கும் எவரும் பார்க்கும்படி இருக்கிறது.

இங்கே ரஸாவின் 1989-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று 2023 ஆகஸ்டில் மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்குப் போனது. இத்தகைய படங்கள் தனியார் வரவேற்பறைக்கோ, வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்குக்கோ போய்விட்டால் அப்புறம் கண்ணில் படுவது அரிது. விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுகின்றன. 2009 ஜனவரியில் தம் படங்களின் கண்காட்சியைத் தொடங்கிவைக்க தில்லி காட்சிக்கூடம் ஒன்றுக்குச் சென்ற ரஸா, சுவரில் இருந்தவற்றைப் பார்த்துவிட்டு இவை போலி என்று சொல்ல நேர்ந்தது. ஓவியர் உயிரோடு இருந்ததால் உண்மை அன்றே வெளிவந்தது. இல்லாதபோது அத்தாட்சிக்கு எங்கே போவது? பொது அருங்காட்சியகங்களில் முறையான ஆவணங்களும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க அசல்களும் இருந்தால்தான் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியங்கள் மீதான ஜிஎஸ்டி வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருப்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நல்ல செய்தி. பார்ப்பவருக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

சென்னையின் பங்கை தில்லி மறந்ததும் இதே கணக்கில்தான் வரும். கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியர்கள் கைவினைப் பொருள் செய்து விற்று, நிலம் வாங்கி, சொந்தக் காலில் நின்ற முயற்சி அது. அங்கிருந்து 1968-ல் பாரீஸ் போன வி. விஸ்வநாதன் முக்கோணங்களாலும் சதுரங்களாலும் தனி மொழி கண்டார். கே.வி. ஹரிதாசன் யந்திர வடிவங்களை ஓவியமாக்கினார். ஆயினும் இந்திய அருவ ஓவியம் என்று தலைநகரில் கருத்தரங்கு நடந்தால் பேச்சு மும்பையில் தொடங்கி பரோடாவில் முடிந்துவிடுகிறது.

தேசிய நவீனக் கலைக்கூடத்தை 1954 மார்ச் 29-ஆம் தேதி தில்லி ஜெய்ப்பூர் இல்லத்தில் திறந்துவைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அதனிடம் இப்போது 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. ஒரு சமயத்தில் காட்சிக்கு வருபவை அதில் சிறு பகுதி. 1996-ல் மும்பைக்கும் 2009-ல் பெங்களூருக்கும் கிளை கிடைத்தது. சென்னைக்குக் கிடைக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகமும் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையமும் இருக்கின்றனவே என்பார்கள். முன்னது மாநில அரசினுடையது. பின்னது கண்காட்சிக் கூடமும் பயிற்சிப் பட்டறைகளும் கொண்டது. தில்லியின் கிடங்கிலுள்ள ரஸாவையோ பணிக்கரையோ பார்க்க விரும்பும் மதுரை மாணவர், இன்றைய நிலையில், பெங்களூருக்கு அவை எப்போதாவது வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தமிழகத்திலிருந்து மக்களவைக்குச் செல்பவர்கள் 39 பேர். கலாசார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது அவர்களில் ஒருவராவது இதைக் கேட்கலாம்.